படகின் அடியில் விரித்த துணி

போன வாரம் ஒரு பெண் போனில் கூப்பிட்டாள். சுரங்கத்தில் நான் வேலை பார்த்த நம் பிரிவில் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறதாம். யாரிடமோ என் நம்பரை வாங்கியிருக்கிறாள். "மேடம், படகு இன்ஜின்லேருந்து ஆயில் சொட்டுது. அடியில பழைய துணி ஏதாவது போட்டு வைக்கலாமா?" என்று கேட்டாள். "போடாதேம்மா" என்று மட்டும் சொன்னேன். வாசலில் ஸ்கூல் வேன் வந்து நின்றதால் பேத்தியை இறக்கப் போய்விட்டேன். திரும்பி வந்த பிறகு மனசு கேட்கவில்லை. ஏன் போடக் கூடாது என்று நான் சொல்லவே இல்லை. காரணம் தெரியாமல் கேட்டுக்கொள்கிற பேச்சு அடுத்த மாதம் மறந்து போகும். அதனால் அவளுக்கும், அவளோடு சேர்ந்த உங்களுக்கும் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உங்களில் பாதிப் பேர் இன்னும் படகைப் பார்த்தே இருக்க மாட்டீர்கள். நெய்வேலியில் படகா என்று என் சொந்தக்காரர்களே சிரித்திருக்கிறார்கள். சுரங்கத்திலிருந்து இறைக்கிற தண்ணீர் முதலில் மேலே உள்ள பெரிய வண்டல் குளத்தில் வந்து நிற்கும். கலந்து வந்த மண் அடியில் தங்கும். தெளிந்த தண்ணீர் மறுகோடியில் இருக்கிற கலங்கல் என்கிற தாழ்ந்த சுவர் மேல் வழிந்து, வாய்க்காலில் இறங்கி, சுற்றுப்புற ஊர்களின் வயல்களுக்குப் போகும். குளத்து அடியில் சேருகிற சேற்றை உறிஞ்சி எடுக்க ஒரு மிதவை மேல் பம்பு வைத்திருப்பார்கள். அந்த மிதவையை இங்கும் அங்கும் இழுத்துப் போகிற இரும்புப் படகுதான் நம்முடையது. படகில் நாம் நிற்கிற பலகைக்குக் கீழே ஒரு பள்ளம் உண்டு. மழைத் தண்ணீர், கசிகிற தண்ணீர் எல்லாம் அங்கேதான் வந்து சேரும். அதைப் புத்தகத்தில் வேறு பெயரில் படித்திருப்பீர்கள். நாங்கள் அடிக்குழி என்போம். ஒரு சின்ன பேட்டரி பம்பு அந்தத் தண்ணீரை இழுத்து வெளியே குளத்தில் விடும். அடிக்குழியில் எண்ணெய் இருந்தால் அதுவும் குளத்துக்குப் போகும். குளத்தில் மிதக்கிற எண்ணெய் கலங்கல் வழியாகத்தான் வெளியேறும். வேறு வழி அதற்கு இல்லை.

என் கணவர் ஒர்க்‌ஷாப்பில் இருந்தார். மஞ்சள் காமாலை என்று ஆஸ்பத்திரியில் சேர்த்த பன்னிரண்டாம் நாள் இறந்துபோனார். எனக்கு முப்பத்து மூன்று வயது, இரண்டு பெண் குழந்தைகள். அவர் வேலைக்குப் பதிலாக எனக்கு வேலை கொடுத்தார்கள். முதலில் இரண்டு வருடம் பார்ப்பார்கள். ஒழுங்காக இருந்தால் பெர்மனன்ட் ஆர்டர் வரும். வேலை போனால் குவார்ட்டர்ஸும் போகும். ஸ்பேனரைக் கையால் தொட்டிராத என்னைப் படகுப் பிரிவில் உதவியாளராகப் போட்டார்கள்.

படகை ஓட்டியவர் என்னைவிட ஏழெட்டு வயது சின்னவர். கடலூர்ப் பக்கம் மீனவ ஊர்க்காரர். அவர் என்னை அக்கா என்பார், நான் தம்பி என்பேன். இன்றைக்கும் எனக்கு அவர் தம்பிதான், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். என் வேலை படகைச் சுத்தமாக வைப்பது, கயிறு பிடிப்பது, இன்ஜினுக்கு ஆயில் பார்ப்பது.

முதல் வாரமே தம்பி ஒரு செய்தித்தாளை இன்ஜினுக்குக் கீழே விரித்தார். "நாளைக்கிக் காலைல வந்து பாருங்கக்கா. எந்த எடத்துல சொட்டு வுழுந்திருக்கோ அதுக்கு நேரா மேல பாக்கணும். எங்கேர்ந்து வருதுன்னு தெரிஞ்சாதான் நிறுத்த முடியும்" என்றார். மறுநாள் காகிதத்தில் மூன்று கறுப்பு வட்டங்கள் இருந்தன. அவர் ஒரு போல்ட்டை இறுக்கினார். அடுத்த நாள் வட்டம் ஒன்றாகக் குறைந்தது. அந்த ஒன்றுக்குக் கீழே ஒரு தட்டை வைத்து, தினமும் அதில் எவ்வளவு சேர்கிறது என்று பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

நானும் பார்த்தேன். ஆனால் தட்டு படகு ஆடும்போது கவிழ்ந்துவிடும். பலகையைத் தூக்கினால் அடியெல்லாம் பிசுபிசுவென்று இருக்கும். என் வேலை சுத்தம். அது பிசுபிசுப்பாக இருந்தால் என்னைத்தான் சொல்வார்கள் என்று பயம். அதனால் தட்டை எடுத்துவிட்டுத் துணி விரிக்க ஆரம்பித்தேன். வீட்டில் என் கணவருடைய பழைய யூனிஃபார்ம் சட்டைகள் ஐந்தாறு இருந்தன. யாருக்கும் கொடுக்க மனசு வரவில்லை. பெட்டியில் மடித்து வைத்துக்கொண்டு பார்க்கவும் முடியவில்லை. அவற்றைக் கிழித்து இன்ஜினுக்குக் கீழே போட்டேன். அவர் சட்டை என்கூட இருந்து வேலை செய்வது போல ஒரு ஆறுதல் இருந்தது. இதை அன்றைக்கு யாரிடமும் சொல்லவில்லை.

பரிசோதனைக்கு வந்த அதிகாரி பலகையைத் தூக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, இவ்வளவு சுத்தமான அடிக்குழியை நான் பார்த்ததில்லை என்றார். அன்று வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளுக்குக் கேசரி கிளறினேன்.

இப்போது என் தப்பைச் சொல்கிறேன். முதலில் துணியை வாரம் ஒரு தடவை மாற்றினேன். பிறகு நாலு நாளைக்கு ஒரு தடவை. பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள். சொட்டு அதிகமாகிறது என்று கைக்குத் தெரிந்தது. ஆனால் அடி சுத்தமாகத்தானே இருக்கிறது என்று சொல்லாமல் விட்டேன். தம்பி துணியைப் பார்த்துக் கசிவு எப்படி என்று கேட்டால் "எப்பவும் போலத்தான்" என்பேன். என் ஆர்டர் வர ஒன்றரை மாதம் இருந்தது. அந்த நேரத்தில் குறை என்று எதையும் வாயால் சொல்ல எனக்குத் துணிவில்லை.

மாசி மாதம். மழைக்கான காலமே இல்லை. மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவும்போது வானம் இருட்டிக்கொண்டு வந்தது. அரை மணி நேரத்தில் காற்றும் மழையுமாகப் பிடித்துக்கொண்டது. மிதவையைக் கட்டியிருந்த இரண்டு கயிறுகளில் ஒன்று அறுந்தது. இன்னொன்றும் நழுவி, மிதவை பம்போடு கலங்கல் பக்கம் போக ஆரம்பித்தது. அது கலங்கலில் குறுக்கே போய் நின்றால் தண்ணீர் வழியாது. குளம் ஏறும். ஊர்ப் பக்கத்துக் கரை மண் கரை, தாங்காது. கரையில் நின்ற இன்ஜினியர் சின்ன வயசுக்காரர். வாக்கி டாக்கியில், "போய்ப் பிடிக்க முடியுமா? முடியலன்னா சொல்லுங்க, வேற பாக்கலாம்" என்றார். தம்பி என்னைப் பார்த்தார். நான் லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டேன். எனக்கு நீச்சல் தெரியாது.

மிதவையைப் பிடித்துவிட்டோம். நான்தான் கயிற்றைப் போட்டேன், இரண்டாவது வீச்சில் விழுந்தது. திரும்பும்போது காற்று எதிரே. இன்ஜின் முழு வேகத்தில் முக்கிக்கொண்டு இழுத்தது. அப்போதுதான் காலில் தண்ணீர் தட்டுப்பட்டது. பலகைக்கு மேலே, கணுக்கால் அளவு. அடிக்குழி பம்பு ஓடும் சத்தம் கேட்கிறது, ஆனால் வெளியே தண்ணீர் விழவில்லை. தண்ணீர் மேலே கறுப்பும் ஊதாவுமாக எண்ணெய் படர்ந்து ஆடியது.

தம்பி ஸ்டியரிங்கை விடாமல் திரும்பினார். சத்தம் போடவில்லை. "அக்கா, ஒண்ணு கேக்கறேன், நெசத்தச் சொல்லுங்க. துணிய எத்தினி நாளைக்கி ஒருக்கா மாத்தறீங்க?"

எப்பவும் போலத்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதைச் சொல்லிப் பழகியிருந்தேன். ஆனால் அவர் முகத்தில் மழை வழிந்துகொண்டிருந்தது. அவருக்குக் கல்யாணமாகி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது.

"இப்பல்லாம் தினம் மாத்தறேன் தம்பி. இன்னிக்கிக் காலைல ரெண்டு தடவ மாத்தினேன்."

அவர் திரும்பி ஆயில் மீட்டரைப் பார்த்தார். முள் இன்னும் நல்ல இடத்தில்தான் இருந்தது, லேசாக நடுங்கியது. அதை மட்டும் பார்த்திருந்தால் கரை வரை ஓட்டியிருப்பார். என் பதிலைக் கேட்டதால் இன்ஜினை அணைத்தார். "நங்கூரத்தைப் போடுங்கக்கா" என்றார். நான் தள்ளிவிட்டேன். படகும் மிதவையும் பின்னாலேயே நழுவின. சங்கிலி ஓடி, ஓடி, ஒரு இடத்தில் வெடுக்கென்று பிடித்தது. கலங்கல் விளிம்பு கண்ணுக்குத் தெரிகிற தூரம்.

கரை சேர்ந்த பிறகு இன்ஜினைப் பிரித்தபோது பார்த்தோம். ஃபில்டருக்குப் போகிற ரப்பர்க் குழாய் இரும்பில் உரசி உரசி, காகிதம் மாதிரி மெலிந்திருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் ஓடியிருந்தால் வெடித்துச் சுடுஎண்ணெய் பீறிட்டிருக்கும். "நீங்க ஒக்காந்திருந்த எடம்தான் அது" என்றார் தம்பி. ஒரு துணி அந்தக் குழாயை மாதக்கணக்கில் எங்கள் கண்ணுக்கு மறைத்து வைத்திருந்தது. அதை விரித்தவள் நான்.

நங்கூரம் பிடித்ததும் வாளியால் இறைக்க ஆரம்பித்தேன். ஐந்து, பத்து, இருபது வாளி. படகு இறங்கிக்கொண்டிருந்ததால் வேறு யோசனை ஓடவில்லை. அப்புறம்தான் நான் ஊற்றுவது எல்லாம் கறுப்பாக இருப்பதைப் பார்த்தேன். எண்ணெய் மேலே மிதக்கிறது, வாளி மேலிருந்துதான் அள்ளுகிறது. படகைச் சுற்றி அது விரிந்து, காற்றோடு கலங்கல் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

"பம்பு அடியிலேர்ந்து இழுக்கும்ல தம்பி? அடைப்ப எடுத்தா நல்ல தண்ணிதான் மொதல்ல போவும்."

"கை எட்டுமா?"

பலகையைத் தூக்கிப் போட்டுக் குப்புறப் படுத்தேன். தோள் வரை கையை விட்டேன். கன்னம் எண்ணெயில் பட்டது. பம்பின் வாயில் துணி சுருண்டு அடைத்திருந்தது. இழுத்தேன். வரவில்லை. விரலால் கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்த்து எடுத்தேன். கடைசியாகக் கையில் வந்தது ஒரு சட்டைப் பை. பேனா மை கசிந்த கறை அதில் இருந்தது. அந்தக் கறைக்காக நான் அவரைத் திட்டியிருக்கிறேன்.

பம்பு இழுக்க ஆரம்பித்தது. தெளிந்த தண்ணீர் வெளியே கொட்டியது. நான் அந்தத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தேன். தம்பி வந்து அதை வாங்கினார். யாருடையது என்று கேட்கவில்லை, அவருக்குத் தெரிந்திருக்கும். பிழிந்து, நாலாக மடித்து, தன் சாப்பாட்டுப் பையில் வைத்தார். "ஸ்விட்சப் புடிச்சிகினு நில்லுங்கக்கா. தண்ணி நெறம் மாறுன ஒடனே அணைச்சிடுங்க. மிச்ச ஆயில் உள்ளயே கெடக்கட்டும், கரைக்கிப் போயி எடுத்துக்கலாம்" என்றார். நிறம் மாறிய நொடியில் அணைத்தேன். பிறகு காற்று தணிந்து, கரையிலிருந்து கயிறு போட்டு இழுத்துக்கொண்டார்கள்.

ஷெட்டில் இன்ஜினியர் எங்கள் இருவருக்கும் டீ வாங்கி வைத்திருந்தார். பதிவேட்டைத் திறந்து எழுத உட்கார்ந்தார். மழையால் படகில் தண்ணீர் புகுந்தது, மிதவை மீட்கப்பட்டது என்று எழுதினார். "நல்லபடியா வந்தீங்கம்மா. அது போதும். வேற ஏதாவது உண்டா?" என்று நிமிர்ந்து பார்த்தார்.

இந்த ஒரு கேள்விக்காகத்தான் இவ்வளவு தூரம் எழுதிக்கொண்டு வந்தேன். உங்களுக்கும் இது வரும். கோபமாக யாரும் கேட்க மாட்டார்கள். டீயைக் கையில் கொடுத்து, அன்பாக, போகிற போக்கில் கேட்பார்கள். இல்லை என்று சொல்வது மிகச் சுலபம். எனக்கு ஒன்றரை மாதத்தில் ஆர்டர். சின்னவள் நான்காம் வகுப்பு. இருபது வாளி எண்ணெய்த் தண்ணீரைப் பார்த்தவர்கள் இரண்டே பேர்.

"ஆயில் போயிருக்கு சார்" என்றேன். "நாலஞ்சு லிட்டர் இருக்கும். நான்தான் வாளியால ஊத்தினேன். கொஞ்ச நாளாவே கசிவு அதிகம், நான் துணி போட்டு வச்சிட்டு யார்கிட்டயும் சொல்லல. கசிவு ஏறினது தம்பிக்குத் தெரியாது. அது கலங்கல் தாண்டி வயலுக்குப் போயிடும் சார்."

அவர் பேனாவை மூடினார். எழுந்து வாசல் வழியாகக் குளத்தைப் பார்த்தார். பிறகு, "கலங்கலை அடைக்க முடியாதும்மா, குளம் நிறைஞ்சிருக்கு. தண்ணி போகணும், எண்ணெய் நிக்கணும். எப்படி?" என்றார். என்னைக் கேட்டாரா, தன்னையே கேட்டுக்கொண்டாரா தெரியவில்லை. தம்பிதான் சொன்னார். "வைக்கோலு சார். எங்கூர்ல முகத்துவாரத்துல டீசல் கொட்டிச்சின்னா வைக்கோலுதான் போடுவாங்க. கயிறாட்டம் பிரியாத் திரிச்சி வாய்க்காலுக்குக் குறுக்க கட்டுனா தண்ணி அடியில பூடும், ஆயில் வைக்கோல்ல ஒட்டிக்கும்."

ஜீப்பில் முத்தாண்டிக்குப்பம் சாலையில் போய், வாய்க்கால் ஓரத்து ஊருக்குள் இறங்கினோம். மழை தூறலாகிவிட்டிருந்தது. முதல் வீட்டில் ஒரு வைக்கோல் போர், பக்கத்தில் கொட்டகையில் ஒரு கறவை மாடு. என் வயசுப் பெண் ஒருத்தி மாட்டுக்குச் சாக்கு போர்த்திக்கொண்டிருந்தாள். இன்ஜினியர் ஆரம்பிப்பதற்குள் நானே சொன்னேன். எங்கள் படகிலிருந்து எண்ணெய் போய்விட்டது, தப்பு என்னுடையது, வைக்கோல் வேண்டும் என்று.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். முகம், கை, புடவை எல்லாம் கறுப்பு.

"மாட்டுக்கு வச்சிகினு இருக்கறதுங்க இது. வேற இல்ல." பிறகு, "எங்க நடவும் அந்தத் தண்ணிலதான் நிக்கிது. வந்துடுச்சிங்களா?" என்றாள்.

"இன்னும் வரல. பொழுது சாயறதுக்குள்ள வந்துடும்."

"இதச் சொல்றதுக்கா வந்தீங்க?"

"ஆமாங்க."

அவள் சாக்கைப் போட்டுவிட்டுப் போரில் ஏறி இழுக்க ஆரம்பித்தாள். நான் திரித்த பிரி கையில் எடுத்ததும் பிரிந்துபோனது. அவள் அதை வாங்கிக் கீழே போட்டுவிட்டு, "நீங்க அள்ளிக் குடுங்க, நான் திரிக்கிறேன்" என்றாள். அக்கம்பக்கத்திலிருந்து நாலு பேர் வந்தார்கள். வாய்க்காலில் மூன்று இடத்தில் குறுக்கே கட்டினோம். இடுப்பளவுத் தண்ணீரில் தம்பி ஒரு கரையிலும் இன்ஜினியர் ஒரு கரையிலும் முளை அடித்தார்கள். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் மேல் ஊதா நிறம் வந்தது. முதல் பிரி கறுத்தது. அதை எடுத்து வேறு போட்டோம். இரண்டாவதும் கறுத்தது. மூன்றாவது மங்கலாக மட்டும் மாறியது.

முழுக்க நின்றது என்று சொல்ல மாட்டேன். மடை ஓரத்தில் அரை சென்ட் அளவு நாற்று பழுத்துப் போனது. அது அவளுடைய வயல்தான். பத்து நாள் கழித்து அந்த இடத்தில் மறுநடவு செய்ய நானும் லீவு போட்டுவிட்டுப் போனேன். மாட்டுக்கு வைக்கோல் இன்ஜினியர் ஏற்பாடு செய்தார். எனக்கு மெமோ வந்தது. நடந்ததை அப்படியே எழுதிக் கொடுத்தேன். ஆர்டர் ஆறு மாதம் தள்ளிப் போனது. அந்த ஆறு மாதமும் தபால் வருகிற நேரத்தில் வாசலில் போய் நிற்பேன், கடைசியில் ஆர்டர் வந்தது. அதற்குப் பிறகு நம் படகில் இன்ஜினுக்கு அடியில் போல்ட் போட்டு இறுக்கிய தட்டுதான். தினமும் அதில் சேர்ந்ததை அளந்து எழுதும் பழக்கமும் அன்று தொடங்கியதுதான். அளவு ஏறினால் அன்றைக்கே வாயைத் திறந்து சொல்லுங்கள். உங்கள் படகு அழுக்காகத் தெரியட்டும், பரவாயில்லை.

தம்பியிடம் ஒருநாள் கேட்டேன். "நான் சொல்லலன்னா நீங்க சொல்லியிருப்பீங்களா?" அவர் யோசித்துத்தான் பதில் சொன்னார். "இல்லக்கா. ஒங்க பிள்ளைங்கள நெனச்சிகினு வாய மூடிகினு இருந்திருப்பேன். அது தப்புதான்." நல்லவர்கள் நமக்காகப் பேசாமல் இருந்துவிடுவார்கள். அதனால்தான் நாமே பேச வேண்டியிருக்கிறது.

அந்தச் சாயங்காலத்தைப் பற்றி இன்னும் ஒன்று உண்டு. இதில் பாடம் எதுவும் இல்லை, ஆனாலும் எழுதத் தோன்றுகிறது. பிரி கட்டி முடிந்து எல்லோரும் கரையேறினோம். என் கையில் எண்ணெய் முழங்கைக்கு மேலும் ஏறியிருந்தது. தண்ணீரில் கழுவக் கழுவ வழுக்கிக்கொண்டே இருந்தது. ஜீப்பில் இப்படியே ஏறிவிடலாம் என்று போனேன். அவள், "இருங்க" என்று உள்ளே போய் ஒரு கொட்டாங்கச்சியில் தவிடு கொண்டுவந்தாள். "தண்ணி ஊத்தாதீங்க. காஞ்ச தவுடு போட்டுத் தேச்சாதான் போவும்."

நான் வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினேன். அவள் கொட்டாங்கச்சியைக் கொடுக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு அவளே தேய்க்க ஆரம்பித்தாள். விரல் விரலாக, நகக்கண் வரை. தவிடு கறுத்துக் கறுத்து உதிர்ந்தது. ஒரு கை முடிந்ததும் இன்னொரு கையை எடுத்துக்கொண்டாள்.

"வூட்டுக்காரரு என்னா வேலங்க?"

"ஒர்க்‌ஷாப்புல இருந்தாரு. தவறிட்டாரு. ரெண்டு வருஷத்துக்கு மேல ஆவுது."

தவறிட்டார் என்கிற அந்த வார்த்தையை அதுவரை மற்றவர்கள்தான் எனக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆபீஸிலும் ஸ்கூலிலும் ரேஷன் கடையிலும். நான் வாயால் சொன்னது அன்றுதான். அவள் இன்னும் ஒரு பிடி தவிடு எடுத்து, தேய்த்து முடித்திருந்த முதல் கையை மறுபடியும் எடுத்து, மெதுவாகத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். ஜீப்பில் இன்ஜினியர் ஹாரன் அடிக்காமல் காத்திருந்தார்.